ரஃப் நோட்டும் வாயப்பயமும்

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்கு ட்யூஷனில் ஒரு தாள் நிறைய இங்கிலீஷ் சொற்களைக் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாவற்றிலும் ஓ, யூ, ஜி, எச் என்ற நான்கு எழுத்தும் சேர்ந்து வருகின்றன. எழுத்துக்கூட்டு ஒன்றுதான், உச்சரிப்பு மட்டும் சொல்லுக்குச் சொல் மாறுகிறது. பையன் தப்பாகப் படித்தால் ‘கொருக்குப்பேட்டை நாக்கு’ என்று சார் கேலி செய்கிறாராம். எழுதியபடியே படிக்கிற நம் தமிழ் எங்கே, இந்தப் பைத்தியக்கார மொழி எங்கே?
– ஒரு வாசகி, கொருக்குப்பேட்டை, வடசென்னை

பதில்: நாக்கு விஷயத்துக்கு அப்புறம் வருவோம். முதலில் அந்தத் தாளைத் தூர வையுங்கள். இந்தச் சொற்களை எழுத்தைப் பார்த்துப் படித்தால் ஏழு ஜென்மத்துக்கும் வராது. காதால் பிரித்துக்கொண்டால் சீக்கிரம் வந்துவிடும்.

உங்கள் பையனுக்கு இந்தக் கூட்டத்தில் ஒரு சொல் எப்போதோ தெரியும். பையில் ரஃப் நோட்டு இருக்கிறதே! ரஃப் என்றால் கரடுமுரடு. முரட்டு உறுதிக்கு டஃப், போதும் என்பதற்கு இனஃப். மூன்றும் ‘அஃப்’ என்று முடிகின்றன. இருமலுக்கான காஃப், மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டிக்கான ட்ராஃப், இரண்டும் ‘ஆஃப்’. அந்த ட்ராஃப் வானிலை அறிக்கையிலும் வரும். வரைபடத்தில் பள்ளம்போல நீளமாக ஓடும் குறைந்த காற்றழுத்தப் பகுதிக்கு அதுதான் பெயர். கடல் கொந்தளிக்கும் என்று சொல்லவும் அதே அறிக்கையில் ரஃப் என்றுதான் போடுவார்கள். காசிமேட்டில் படகை நிறுத்தி வைக்கிற நாளில் இரண்டு சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், ஒன்று ஆஃப், ஒன்று அஃப்.

அடுத்த கூட்டத்தில் ஜி, எச் இரண்டுக்கும் வாயே கிடையாது. ஊடாக என்பதற்கு த்ரூ. பிசைந்த மாவுக்கு டோ. மரக்கிளைக்கு பவ், ஏருக்கு ப்ளவ். தரோ என்றால் முழுமையாக. அமெரிக்காவில் ஏரை இந்த எழுத்துக்கூட்டிலிருந்து கழற்றி, பி, எல், ஓ, டபிள்யூ என்று எழுதிக்கொண்டார்கள். நமக்கு அந்தச் சலுகை இல்லை, பாடப்புத்தகம் பிரிட்டன் வழிதான்.

பின்னால் ஒரு டி சேர்ந்தால் வருவது ‘ஆட்’ கூட்டம். இதுதான் சுலபம், ஏனென்றால் அநேகமாக எல்லாமே இறந்தகாலம். பை என்றால் வாங்கு, பாட் என்றால் வாங்கினான். கொண்டுவந்தான் ப்ராட், நினைத்தான் தாட், சண்டை போட்டான் ஃபாட், தேடினான் சாட். வீட்டு கேட் செய்கிறவர்கள் ‘ராட் அயர்ன்’ என்கிறார்களே, அந்த ராட் எது தெரியுமா? வேலை என்கிற வொர்க்கின் பழைய இறந்தகால வடிவம். வேலைப்பாடு செய்த இரும்பு என்று பொருள். இங்கே சேராமல் முரண்டு பிடிப்பது ட்ரவுட், அதாவது வறட்சி. 2019 கோடையில் புழல் ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு அர்த்தம் சொல்லத் தேவையில்லை.

ஹிக்கப் ஒரு தனிக் கூத்து. விக்கலுக்கும் இருமலுக்கும் சொல்லளவில் எந்த உறவும் இல்லை. யாரோ இருமல் நினைப்பில் ஹிக்கப்பின் பின்பாதியைக் காஃப் என்று மாற்றி எழுதிவிட்டார்கள், அதுவும் நிலைத்துவிட்டது. யு, பி என்று முடிகிற எழுத்துக்கூட்டுதான் பழையது. பையன் தைரியமாக அதையே எழுதலாம்.

சரி, ஏன் இத்தனை குழப்பம்? பைத்தியம் பிடித்து யாரும் இப்படி எழுதவில்லை. அந்த ஜி, எச் ஒரு காலத்தில் நிஜமான ஒலி. மண்ணடியில் உருது பேசுகிறவர் ‘கான்’ என்று சொல்லும்போது தொண்டையில் காற்று உரசுமே, கிட்டத்தட்ட அது. இங்கிலீஷின் பங்காளியான ஜெர்மனில் மகள், இரவு, எட்டு ஆகிய சொற்களில் இன்றும் அந்த உரசல் உண்டு. அதே மூன்று சொற்களை இங்கிலீஷில் எழுதிப் பாருங்கள், ஜி, எச் ஊமையாக நிற்கும். இங்கிலாந்துக்காரர் வாயில் அந்த ஒலி மெல்லத் தேய்ந்தது. சில சொற்களில் ‘ஃப்’ ஆனது, சிலவற்றில் காணாமலே போனது. ஸ்காட்லாந்தில் ஏரியைக் குறிக்கும் சொல்லில் அந்த மாதிரி ஒலி இன்னும் காதில் விழுகிறது. இதற்கிடையே 1476இல் கேக்ஸ்டன் என்பவர் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் வைத்தார். அச்சு பரவப் பரவ எழுத்துக்கூட்டு இறுகியது. வாய் அச்சுக்கூடத்தைக் கேட்டுக்கொண்டா நடக்கும்?

இப்போது உங்கள் தமிழ்ப் பெருமைக்கு வருகிறேன். கடல், அங்கே, அகம் என்று சத்தமாகச் சொல்லுங்கள். ஒரே ககரம், மூன்று ஒலி. பச்சை, பஞ்சு, பசி என்று சொன்னால் சகரமும் அப்படியே. எங்கே எந்த ஒலி என்பது எழுத்து நிற்கும் இடத்தைப் பொறுத்து ஒழுங்காக நடப்பதால் நமக்குத் தெரிவதில்லை. அந்த ஒழுங்கு இங்கிலீஷில் இல்லை என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். எழுதியபடியே படிக்கிறோம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

சாருக்கும் ஒரு வார்த்தை. நம் பக்கம் ‘வாயப்பயம்’ என்பார்கள், ‘மய பெய்து’ என்பார்கள். மதுரைப் பக்கம் போனால் அதே வாழைப்பழம் ‘வாளப்பளம்’. இழுத்துக்கொண்டு என்பது நம் தெருவில் ‘இஸ்துகினு’. ஒரே ழகரம் ஓரிடத்தில் ய, ஓரிடத்தில் ள, இன்னோரிடத்தில் ஸ். எழுதும்போது மட்டும் எல்லோரும் ழதான். லண்டன்காரர் தொண்டை ஒலியைத் தொலைத்துவிட்டு எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டால் அது பாடப்புத்தகத்தில் ஏறுகிறது. கொருக்குப்பேட்டைக்காரர் ழகரத்தில் அதையே செய்தால் கேலியா? நடந்தது இரண்டு இடத்திலும் ஒன்றுதான். வித்தியாசம், அவர்களிடம் ராஜாங்கம் இருந்தது. பரீட்சையில் ழகரத்தைச் சரியாக எழுதவும் மேடையில் சரியாகச் சொல்லவும் பையன் பழகட்டும், அது வேறு கணக்கு. பத்துப் பேர் முன்னால் பிள்ளையின் ஊரைச் சொல்லி நாக்கைக் கேலி செய்வது எந்த வாத்தியார் வேலையிலும் சேர்த்தி இல்லை.

அடுத்த முறை அவர் அப்படிச் சொன்னால், எஸ், எல் போட்டு இந்த நான்கு எழுத்தையும் சேர்த்து ஒரு சொல்லைக் கரும்பலகையில் எழுதி, ‘இதைப் படிங்க சார்’ என்று பையனைக் கேட்கச் சொல்லுங்கள். ஸ்லஃப் என்றால் பாம்பு சட்டை உரிப்பது, ஸ்லவ் என்றால் சேற்றுப் பள்ளம். அவர் எப்படிப் படித்தாலும், ‘இன்னொன்று?’ என்று கேட்கலாம்.