கேமரன் மலையில் வாங்கிய ரோஸ்மேரி கீழே வந்ததும் கருகுகிறது. வெயில் தாங்காத செடியா? நிழலில் வைக்கலாமா?

நிழல் வேண்டாம். மலையிலிருந்து இறங்கிய ரோஸ்மேரி வாடினால் எல்லாரும் செய்வது இதுதான்: "பாவம், குளிரில் இருந்த செடி" என்று வராந்தாவுக்குள் தூக்கி வைத்துத் தண்ணீர் ஊற்றுவார்கள். அதோடு அதன் கதை முடிந்துவிடும்.

நான் மலேசியாவில், கேமரன் மலையடிவாரத்துத் தாப்பாவில் இருக்கிறேன். மலைக்கு ஏறும் பழைய பாதை இங்கேதான் தொடங்குகிறது. பள்ளி விடுமுறை முடிந்தால் எங்கள் தாமானில் வீட்டுக்கு வீடு ஒரு ரோஸ்மேரித் தொட்டி வந்துவிடும். இப்போது தலைமுடிக்கு ரோஸ்மேரித் தண்ணீர் என்று வேறு கிளம்பியிருக்கிறார்கள். முடி வளர்கிறதோ இல்லையோ, ஆட்டிறைச்சிப் பிரட்டலில் ஒரு கொத்து போட்டுப் பாருங்கள், அதற்காகவே வளர்க்கலாம்.

ரோஸ்மேரி மத்தியதரைக் கடலோரத்துச் செடி. அங்கே கோடையில் 35 டிகிரி சாதாரணம். மலைமேல் இருக்கும் தானா ராத்தாவின் 20 சொச்சம் டிகிரி அதற்குச் சுகம்தான், ஆனால் தாப்பாவின் 33 டிகிரியும் அதற்குப் புதிதல்ல. வித்தியாசம் எங்கே என்றால், அங்கே சூடான மாதங்களில் மழை அரிது, காற்றும் உலர்ந்திருக்கும். நமக்குச் சூடும் மழையும் சேர்ந்தே வருகின்றன. எந்நேரமும் ஈரமாகவும் சூடாகவும் இருக்கும் மண்ணில் வேருக்குக் காற்றுக் கிடைக்காது, பூஞ்சணம் பிடித்து அழுகும். வேர் போனதும் இலை நுனி கருகும். பார்க்கிறவருக்கு அது வெயிலில் காய்ந்த மாதிரியே தெரியும். உடனே இன்னும் ஒரு குவளை தண்ணீர்!

வெளிச்சத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. நேர் வெயில் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது வேண்டும், எட்டு கிடைத்தால் இன்னும் நல்லது. நமக்கு வருடம் முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான். அதிலும் மலையடிவாரத்தில் மூன்று மணி ஆனால் பல நாள் மேகம் கட்டிவிடும். அதனால் காலை வெயிலை நம்புங்கள். சூரியன் உதிக்கவே ஏழு மணி தாண்டும். வீட்டை ஒட்டிச் செம்பனை இருந்தால் மட்டைகளைத் தாண்டி வர இன்னும் நேரமாகும். கிழக்கு பார்த்த, தலைக்கு மேல் திறந்த இடம் என்றால் எட்டரையிலிருந்து இரண்டரை வரை கணக்குச் சரியாகிவிடும்.

யாரும் கவனிக்காத ஒன்று உண்டு. நாம் பூமத்திய ரேகைக்கு 4 டிகிரி வடக்கே இருக்கிறோம். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை உச்சி வெயில் வடக்குப் பக்கமாகச் சாய்ந்து விழும், மற்ற மாதங்களில் தெற்குப் பக்கமாக. கூரைக்குக் கீழே தெற்குச் சுவரோரம் டிசம்பரில் தளதளவென்று நின்ற செடி ஜூனில் மெலிந்தால் மருந்து தேடாதீர்கள். தொட்டியை வடக்குப் பக்கம் மாற்றுங்கள். வெளிச்சம் போதாத செடியில் தண்டு நீண்டு துவளும், இலைக்கு இலை இடைவெளி கூடும், கசக்கினாலும் வாசனை ஏறாது. சன்னல் கிரில்லுக்குப் பின்னால் வைத்தால் பெரும்பாலும் இந்தக் கதிதான்.

அதற்காக வாங்கி வந்த அன்றே சுள்ளென்ற வெயிலில் நிறுத்தவும் வேண்டாம். மலையில் பெரும்பாலும் பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே வளர்ந்த இலை அது. முதல் சில நாள் பத்து மணி வரை, அப்புறம் மத்தியானம் வரை என்று இரண்டு வாரத்தில் பழக்குங்கள்.

கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி சிமெண்டுத் தரையில் வெந்துவிடும். மண் சட்டி நல்லது, அடியில் இரண்டு செங்கல் கொடுங்கள். மண் கலவைக்குப் பாதியளவு கரடான ஆற்று மணல், மீதி நர்சரியில் பையில் விற்கும் எரித்த மண். நம் பக்கத்து மண் புளிப்பு என்பதால், செம்பனைக்குப் போடும் டோலமைட் (புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புத் தூள்) யாரிடமாவது இருந்தால் ஒரு தேக்கரண்டி வாங்கிக் கலக்கலாம். விரலை விட்டுப் பார்த்து, உள்ளேயும் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். அக்டோபர், நவம்பர் மழையில் வெளிச்சம் விடும் கூரைத் தகட்டின் கீழே, சுவரில் ஒட்டாமல், காற்றுப் போகிற இடத்தில் வையுங்கள். பூவை எதிர்பார்க்காதீர்கள், இரவு குளிராத ஊரில் அது பூப்பது அபூர்வம்.

உங்கள் செடிக்கு வருவோம். அடித்தண்டை நகத்தால் கீறுங்கள். பச்சை தெரிந்தால் இன்னும் உயிர் இருக்கிறது. மண்ணை மாற்றி, தண்ணீரை நிறுத்தி வைத்துப் பாருங்கள். கூடவே, கருகாத நுனிகளை நான்கு அங்குலம் வெட்டி, கீழ் இலைகளை உருவிவிட்டு ஈர மணலில் ஊன்றுங்கள். அவை வேர் பிடிக்கும் சில வாரங்களுக்கு மட்டும் நேர் வெயில் படாத வெளிச்சம் போதும். தாய்ச்செடியை இலையில்லாத பழைய கட்டை வரை வெட்டிவிடாதீர்கள், அங்கிருந்து அது துளிர்ப்பது கஷ்டம்.