பழைய பத்திரச் சொற்கள்: கேள்வியும் பதிலும்

கேள்வி: எங்கள் பாட்டனார் பெயரில் உள்ள கிரயப் பத்திரத்தில் 'நிதி நிட்சேப ஜல பாஷாண அட்சிணி ஆகாமி சித்த சாத்தியங்கள் உள்பட' என்று ஒரு வரி வருகிறது. இது வெறும் அலங்காரமா?

பதில்: அலங்காரம் இல்லை, அஷ்டபோகம் எனப்படும் எட்டு உரிமைகளின் பட்டியல். நிதி என்பது புதையல், நிட்சேபம் என்பது ஒருவர் சேமித்து வைத்துவிட்டுப் போன பொருள், ஜலம் நீர். பாஷாணம் என்றதும் பலர் விஷத்தை நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே அது கல். அட்சிணி குன்றாமல் நிலைத்துவரும் பயன், ஆகாமி இனி வரக்கூடிய பயன், சித்தம் ஏற்கெனவே கைகூடியது, சாத்தியம் முயன்றால் பெறக்கூடியது. விற்றவரோ அவருடைய வாரிசோ பின்னாளில் வந்து, 'மண்ணைத்தான் கொடுத்தோம், கிணற்றையும் கல்லையும் கொடுக்கவில்லை' என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே இவ்வளவையும் எழுதி வைத்தார்கள். சோழர் கால ஆவணங்களில் வரும் 'மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும்', 'உடும்போடி ஆமை தவழ்ந்தது' (உடும்பு ஓடி, ஆமை தவழ்ந்த இடமெல்லாம்) ஆகிய தொடர்களுக்கும் இதே வேலைதான். எனக்கு அந்தத் தமிழ்தான் நெருக்கமானது, ஏனென்றால் அதில் நிலம் கண்ணுக்குத் தெரிகிறது. ஒன்றை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்: 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும். பத்திரத்தில் 'நிதி' என்று எழுதியிருப்பதால் அந்தக் கடமை நீங்கிவிடாது.

கேள்வி: 'பசலி 1352' என்பது எந்த ஆண்டு?

பதில்: 590-ஐக் கூட்டுங்கள், 1942 வரும். பசலி ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கி மறு ஆண்டு ஜூன் 30-இல் முடிவதால், 1942 ஜூலை முதல் 1943 ஜூன் வரை என்று கொள்ள வேண்டும். அறுவடைப் பருவத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. வருவாய்க் கணக்கில் இன்றும் வழங்குகிறது.

கேள்வி: 1940-களில் என் கொள்ளுத்தாத்தா நிலத்தைச் சுவாதீன ஒத்தி வைத்திருக்கிறார். மீட்கும் காலம் கடந்துவிட்டது என்கிறார்கள். ஒத்தி என்றால் என்ன, அது விற்பனையாகிவிடுமா?

பதில்: ஒற்றி என்ற பழைய சொல்லே பேச்சில் ஒத்தி ஆயிற்று. கடன் கொடுத்தவர் நிலத்தைத் தம் சுவாதீனத்தில், அதாவது தம் கைவசத்தில், வைத்துக்கொண்டு, விளைச்சலை வட்டிக்கு ஈடாக அனுபவிப்பார். உரிமை மட்டும் கடன் வாங்கியவரிடமே இருக்கும். போக்கியம் என்பதும் இதுவே. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் இதைத் தனி வகை அடமானமாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. மீட்புக்கான காலவரம்பு 1908-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 60 ஆண்டுகள், 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 30 ஆண்டுகள். ஆனால் இந்த வகை ஒத்தியில் இந்தக் காலம் பத்திரம் எழுதிய நாளிலிருந்து ஓடாது என்றும், கடன் தொகை விளைச்சலாலோ பணமாகவோ தீர்ந்த பிறகே ஓடத் தொடங்கும் என்றும் உச்ச நீதிமன்றம் 2014-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே நீங்கள் நம்பிக்கை இழக்க வேண்டாம். எனினும் தலைப்பை மட்டும் பார்த்து முடிவுக்கு வராமல், சுவாதீனம் கொடுத்தது, தவணை, நிபந்தனை ஆகிய மூன்றையும் பத்திரத்தின் உடலில் தேடிப் படித்துவிட்டு வழக்கறிஞரைப் பாருங்கள்.

கேள்வி: '100-க்கு மாதம் 1-க்கு 12 அணா வட்டி' என்பது எத்தனை சதவீதம்?

பதில்: ஒரு ரூபாய்க்கு 16 அணா, எனவே 12 அணா முக்கால் ரூபாய். மாதம் முக்கால் என்றால் ஆண்டுக்கு 9 சதவீதம். நான் படித்துக் கொடுத்த ஒரு கடன் பத்திரத்தில், மடிப்பு விழுந்த இடத்தில் '12'-இன் முதல் இலக்கம் அழிந்து '2 அணா' என்று நின்றது. 400 ரூபாய் அசலுக்கு மாத வட்டி மூன்று ரூபாய் என்று அடுத்த வரியில் எழுத்தால் எழுதியிருந்ததால்தான் உண்மை விளங்கியது. எண்ணைப் படித்தபின் எழுத்தையும் படியுங்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் 'காசு ஒன்றுக்கு அரைக்கால் காசு பொலிசை' என்று வருவதையும் இதே முறையில் கணக்கிடலாம்: பொலிசை என்பது வட்டி, அரைக்கால் என்பது எட்டில் ஒரு பங்கு, எனவே ஆண்டுக்கு பன்னிரண்டரை சதவீதம்.

கேள்வி: அதே கல்வெட்டுகளில் 'சாவா மூவாப் பேராடு' என்று படித்தேன். சாகாத ஆடு உண்டா?

பதில்: சாகாதது ஆடு அன்று, கணக்கு. கோயிலில் அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள் கொடுக்கப்பட்டன. அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடானதும் இறந்ததும் போக, பிறக்கும் குட்டிகளைக் கொண்டு அவர் எண்ணிக்கையை நிறைவாக வைத்திருந்தால் போதும். அதனால் மந்தை மூப்படைவதும் இல்லை, சாவதும் இல்லை. முதல் குறையாமல் பயன் மட்டும் எடுக்கும் நிரந்தர வைப்புத் தொகையை மூன்று சொல்லில் அடக்கியிருக்கிறார்கள். பொருளியலில் இதைவிட அழகான தமிழ்த் தொடரை நான் கண்டதில்லை.

கேள்வி: யாழ்ப்பாணத்து உறவினரின் காணி உறுதியில் (நிலப் பத்திரத்தில்) 'முதுசம்', 'தேடியதேட்டம்' என்று உள்ளன. இவற்றின் பொருள் என்ன?

பதில்: முதுசம் பெற்றோர் வழியில் வந்த சொத்து, தேடியதேட்டம் திருமண வாழ்வின்போது ஈட்டியது. இரண்டும், சீதனமும் சேர்ந்து, ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்தில் தொகுக்கப்பட்ட, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காறுகளான தேசவழமைச் சட்டத்தின் அடிப்படைப் பிரிவுகள். எந்தச் சொத்து எந்த வகை என்பதைப் பொறுத்தே யாருக்கு எவ்வளவு பங்கு என்பது தீரும். ஆகவே உறுதியில் அந்தச் சொல் எந்தக் காணியின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.