வீடற்றோர் காப்பகத்துக்கு எங்கள் சர்ச் குழு எப்படி உதவலாம்?

கேள்வி கேட்டவர் சென்னையில் ஒரு சர்ச் இளைஞர் குழுவில் இருக்கிறாராம், கிறிஸ்துமஸ் அன்று பக்கத்திலுள்ள வீடற்ற முதியோர் காப்பகத்தில் பிரியாணி போட நினைக்கிறார்களாம். தாராளமாகப் போடுங்கள். ஆனால் டிசம்பர் 25 அன்று உங்களுக்கு முன்பே இன்னும் இரண்டு குழு அண்டாவோடு வந்து நிற்க வாய்ப்பு அதிகம். நான் போய்வரும் காப்பகத்தில் பண்டிகை, தலைவர் பிறந்தநாள், யாரோ ஒருவர் வீட்டுத் திதி என்று சில நாள் சோறு மிஞ்சும். அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை ஒருத்தரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

நகரத்தில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகமாவது, 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் சொன்ன பிறகுதான் இவை பெருகின. சென்னையில் பெரும்பாலும் இடம் மாநகராட்சியுடையது, நடத்துவது தொண்டு நிறுவனம். படுக்க இடம், குளிக்கத் தண்ணீர் எல்லாம் ஒருவழியாகக் கிடைத்துவிடும். ஆள்தான் போதாது.

அங்கேதான் சாமி கும்பிடுகிற கூட்டம் உதவும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் விடாமல் ஒன்றைச் செய்யும் பழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. வடலூரில் 1867-ல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது. திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலில் ரம்ஜான் மாதம் முழுக்க நோன்பு திறக்க உணவு பரிமாறுவது சூஃபிதார் அறக்கட்டளையின் இந்துத் தொண்டர்கள், அதுவும் பல பத்தாண்டுகளாக.

அதனால் ஒரு நாளுக்குப் பதில் ஒரு கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். வாராவாரம் இரண்டு பேர் போய், யாருக்கு சுகர் மாத்திரை தீர்ந்தது, யாருக்கு ஜி.எச்.சில் ஓ.பி. சீட்டு போட வேண்டும் என்று கேட்டு உடன் போய் வந்தாலே பெரிய விஷயம். (சுகர் இருப்பவர்களுக்குக் கேக்கும் லட்டுவும் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள், தயவுசெய்து.) அப்புறம் ஆதார். அது இல்லாமல் அரசின் மாதாந்திர முதியோர் உதவித்தொகைக்கு எழுதிப் போடுவதே பெரும்பாடு. தாலுகா ஆபீஸுக்கு நாலு நடை நடக்க அந்த வயதில் அவர்களால் முடியாது, உங்களால் முடியும். லுங்கி, நைட்டி, சோப்பு, கொசுவத்தி எப்போதும் தேவைப்படும், ஆனாலும் முதலில் பொறுப்பாளருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். பிரசங்கமும் துண்டுப் பிரசுரமும் வேண்டாம். சாப்பாட்டுத் தட்டோடு போட்டோவும் வேண்டாம். தான் எங்கே இருக்கிறோம் என்று பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாது என்று நினைப்பவர்கள் அங்கே உண்டு.

இன்னொன்று, யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். அங்கே ஒரு பெரியவர் இறந்தால் சொந்தம் என்று வந்து நிற்க ஆள் இருக்காது. அவர் எந்த மதமோ அந்த முறைப்படி அடக்கம் செய்ய, பக்கத்துக் கோயில்காரர்களிடமும் ஜமாத்திடமும் முன்கூட்டியே பேசி வையுங்கள். உங்கள் குழுவில் இரண்டு பேருடைய நம்பரையும் பொறுப்பாளரிடம் கொடுத்து வையுங்கள், ராத்திரி 2 மணிக்கு அடித்தாலும் எடுக்கிற ஆட்களாகப் பார்த்து.