டாக்டர் எழுதியதைத்தானே மருந்தாளுநர் கொடுக்கிறார், மாத்திரைப் பழக்கத்தை அவரால் எப்படித் தடுக்க முடியும்?

முடியும். மன்னார்குடிப் பக்கம் ஒரு மெடிக்கலில் பார்மசிஸ்டாக இருக்கிறேன். டாக்டர் சீட்டு எழுதுவது ஒரு முறை. அதே சீட்டு திரும்பத் திரும்ப வருவது கவுண்டரில் நிற்பவருக்குத்தான் தெரியும்.

மாத்திரை போதை என்றதும் எல்லோரும் இளைஞர்களைத்தான் நினைக்கிறார்கள். அந்தப் பிரச்சினையும் இங்கே உண்டு. ஆனால் பிள்ளைகள் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்க, வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பதற்றத்தைக் குறைத்துத் தூக்கம் வரவைக்கும் அல்பிரசோலம் மாத்திரைக்கு என்றோ சில வாரத்துக்கு எழுதிய சீட்டு, மடிப்பெல்லாம் கிழிந்திருக்கும். "தம்பி, ஒரு அட்டை குடுப்பா, இல்லேன்னா கண்ணே மூட மாட்டேங்குது" என்பார்கள்.

அல்பிரசோலம், அதே வகையைச் சேர்ந்த டயஸிபாம், வலி மாத்திரையான டிரமடால் எல்லாம் 2014 மார்ச்சிலிருந்து எச்1 பட்டியலில், அதாவது கூடுதல் கட்டுப்பாடு உள்ள மருந்துகளின் அரசுப் பட்டியலில் இருக்கின்றன. டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு என்று தனிப் பதிவேட்டில் எழுதி 3 வருடம் வைத்திருக்க வேண்டும். மறுபடி கொடுக்கலாம் என்று டாக்டர் குறிப்பிடாவிட்டால் ஒரு சீட்டுக்கு ஒரு முறைதான். கொடுத்ததும் சீட்டிலேயே கடை பெயரும் தேதியும் போட வேண்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். முத்திரை விழாத சீட்டு, பக்கத்துக் கடைக்குப் புதுச் சீட்டுதான்.

அதற்காக 'இல்லை' என்று திருப்பி அனுப்பிவிடவும் கூடாது. மாதக்கணக்கில் தினமும் போட்டவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம், பதற்றம், வலிப்புகூட வரலாம். டாக்டர் பார்த்து அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். சீட்டு எழுதிய டாக்டருக்கு அங்கேயே போன் போடுவேன். அவர் கிடைக்காவிட்டால் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகச் சொல்வேன். அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு போனிலேயே மனநல ஆலோசனை தரும் அரசின் டெலி மானஸ் எண்ணான 14416-ஐ எழுதிக் கொடுப்பேன். மற்ற மாத்திரைகளையும் கேட்பேன். நீர் மாத்திரையை ராத்திரி போட்டுவிட்டு, எழுந்து எழுந்து போவதால் தூக்கம் கெடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு வேளையை மாற்றலாமா என்று டாக்டரிடம் கேட்டாலே போதும்.

நடவு, அறுப்பு நாட்களில் உடம்பு வலிக்கு டிரமடால் சீட்டோடு வருபவரிடம் குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டே ஆக வேண்டும். குடியோடு சேர்ந்தால் மூச்சு அடங்கிப்போய் உயிருக்கே ஆபத்து.

இத்தனைக்கும் கடையில் பார்மசிஸ்ட் இருந்தாக வேண்டும். சான்றிதழ் சுவரில் தொங்க, வேறொருவர் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் கடையில் இது எதுவும் நடக்காது. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தூக்க மாத்திரை வாங்கினால் "பார்மசிஸ்ட் யாருங்க?" என்று கேளுங்கள். சீட்டில் தேதி போட்டு முத்திரை குத்தச் சொல்லி வாங்குங்கள்.