ஆப் காட்டுவது ஒரு மீற்றர், அயலவர் சொல்வது ஒரு முழம்

கேள்வி: யாழ்ப்பாணம் கோப்பாய்ப் பக்கம் 8 பரப்புத் தோட்டக்காணி குத்தகைக்கு எடுக்கப் பாக்கிறன். மகன் ஃபோனிலை மண் ஆப் ஒண்டைத் திறந்து, ஒரு மீற்றருக்கு மேலை ஆழம், களிமண் எண்டு சொல்லுறான். பக்கத்துக் காணிக்காரர் ஒரு முழத்திலை கல்லு எண்டுறார். எதை நம்புறது? வெங்காயம் வைக்கலாமோ?

பதில்: அயலவரை நம்புங்கள், ஆனால் வெட்டிப் பார்த்துவிட்டு. ஆப்பின் பின்னால் இருப்பது உலகளாவிய மண்படம். அவற்றில் பலரும் பயன்படுத்தும் சொயில்கிறிட்ஸில் ஒரு கட்டம் 250 மீற்றருக்கு 250 மீற்றர், அதாவது ஏறக்குறைய 247 பரப்பு (ஒரு பரப்பு சுமார் 253 சதுர மீற்றர்). உங்கள் 8 பரப்பும், நாலு ஒழுங்கை தள்ளியிருக்கும் கல்லுக் கலட்டியும் அதற்குள் ஒரே மண்தான்.

நீங்கள் பார்த்ததை ஆப்புக்குக் கொடுத்தால்தான் அது பயன்படும். லாண்ட்பிகேஎஸ் போன்ற மண் ஆப்களில் குழியின் விபரத்தை ஆழம் ஆழமாகப் பதியலாம். மேடான இடத்தில் ஒன்று, தண்ணீர் தேங்கும் பக்கம் ஒன்று, புல் வேறுமாதிரி முளைத்திருக்கும் இடத்தில் ஒன்று என மூன்று குழி போதும். அலவாங்கு கல்லில் முட்டும்வரை வெட்டுங்கள்.

ஒவ்வொரு படையிலும் ஒரு பிடி மண்ணை நனைத்து, பெருவிரலால் தள்ளி நாடாவாக்குங்கள். 2.5 சென்ரிமீற்றருக்குள் முறிந்தால் இருவாட்டி (மணலும் களியும் கலந்த மண்), 5 வரை நீண்டால் களி இருவாட்டி, அதற்கும் மேல் களி. செம்பாட்டு மண்ணில் பலரும் பிழைவிடுவது இங்கேதான். அதன் களி இரும்போடு ஒட்டிச் சின்னச் சின்ன மணியாக இருப்பதால் முதலில் மணல்போலத் தெரியும். இரண்டு மூன்று நிமிடம் விடாமல் பிசைந்தால்தான் உண்மை வெளிவரும். பிறகு ஒரு துளி வினாகிரி விடுங்கள். பொங்கினால் சுண்ணாம்பு கலந்த மண். இரும்பு, நாகம் (துத்தநாகம்) பயிருக்குக் கிடைப்பது குறையும்.

வெங்காய வேர் பெரும்பாலும் மேல் 30 சென்ரிமீற்றருக்குள் நிற்பதால் ஒரு முழ மண் போதும். மிளகாய்க்கு மட்டுமட்டு. வாழையை நினைக்க வேண்டாம். இறைப்பையும் ஆப்பிடம் விடாதீர்கள். ஒரு மீற்றர் மண் 120 மில்லிமீற்றர் நீர் பிடிக்கும் என்று அது காட்டினாலும், வெங்காயத்துக்கு எட்டுவது மேலுள்ள 36தான். அதிலும் மூன்றில் ஒரு பங்கு இறங்குமுன் இறைக்க வேண்டும். கோடையில் நாளுக்கு 5 மில்லிமீற்றர் போகும்போது அது இரண்டு நாள் கணக்கு. கல் கலந்திருந்தால் இன்னும் குறையும்.

காணியைச் சுற்றி நடந்து ஃபோனால் பரப்பளவு எடுத்துக் குத்தகை பேச வேண்டாம். 45 மீற்றர்ச் சதுரக் காணியின் ஒவ்வொரு பக்கத்தையும் 48 என்று காட்டினாலே ஒரு பரப்புக்குச் சும்மா காசு கட்டுவீர்கள். நாடாவால் அளவுங்கள். பயிரின் பசுமையைக் காட்டும் செய்மதிப் படமும் இந்தளவு காணிக்குப் பெரிதாக உதவாது. ஒரு புள்ளியே 10 மீற்றர், வேலிப்பனையின் நிழலும் அதற்குள் வந்துவிடும்.

இனி ஃபோன் காட்டாத விடயம்: கிணற்று உப்பு. மண்ணைவிட எனக்கு அதில்தான் பயம். நீரின் உப்பளவைக் காட்டும் மின்கடத்துதிறன் பேனாவால் இறைக்கமுன் ஒருதரமும், ஒரு மணித்தியாலம் இறைத்தபின் ஒருதரமும் அளவுங்கள். ஏறினால், உவர்நீரின் மேல் மிதக்கும் நன்னீர்ப் படை மெல்லியது, மோட்டர் கீழிருப்பதை இழுக்கிறது என்று அர்த்தம். சின்ன மோட்டரால் விட்டுவிட்டு இறைக்க வேண்டும். மாரிக்குப் பின் எடுத்த அளவை நம்பி ஒப்பந்தம் எழுதாதீர்கள். புரட்டாதியில், மழைக்கு முன் அளந்ததே கணக்கு. பேனா காட்டுவது மீற்றருக்கு 0.8 டெசிசீமனுக்குள் (மின்கடத்துதிறன் அலகு) என்றால் வெங்காயத்துக்குக் குறையில்லை. 1.2இல் விளைச்சல் பத்திலொன்று குறையும், 1.8இல் காற்பங்கு. அதையும் தாண்டினால் பீற்றூட் போடுங்கள், அது 2.7 வரை தாங்கும்.