புற்று தேடும் பாம்பு

வணக்கம் ஐயா,

ஹூஸ்டனில் வசிக்கிறோம். என் பத்து வயது மகள் ஒரு பந்து மலைப்பாம்பை வளர்க்கிறாள். மூன்றரை அடி நீளம். ‘பாவம்ப்பா, எப்பவும் பெட்டிக்குள்ளயே கிடக்குது’ என்று அவள் சொல்லத் தொடங்கியதிலிருந்து ஞாயிறுதோறும் பின்புறப் புல்தரையில் விடுகிறோம். படம் இணைத்திருக்கிறேன். எவ்வளவு நேரம் விடலாம்? நாய்க்குக் கட்டுவதுபோல வார் கட்டலாமா? வெயில் நல்லதுதானே? சென்னையில் இருக்கும் தம்பியும் ஒன்று வளர்க்க ஆசைப்படுகிறான்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் மகளின் கேள்விதான் கொஞ்ச நாளாக என் மனதிலும் இருக்கிறது. பெட்டி பாம்புக்குச் சிறையா? பந்து மலைப்பாம்பின் சொந்த ஊர் மேற்கு ஆப்பிரிக்கா. கானா, டோகோ, பெனின் பக்கத்துப் புல்வெளிகள். அங்கே பகலெல்லாம் எலி வளையிலோ கரையான் புற்றிலோ சுருண்டு கிடக்கும், இருட்டிய பிறகே வெளியே வரும். ‘கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிகொண்டது போல’ என்று நம்மூரில் சொல்வது இந்த ஆப்பிரிக்கப் பாம்புக்கும் அச்சாகப் பொருந்தும். உடம்பின் எல்லாப் பக்கமும் எதையாவது தொட்டுக்கொண்டிருந்தால்தான் அதற்கு நிம்மதி. வெட்டவெளிப் புல்தரை அதற்குச் சுதந்திரம் இல்லை, பருந்தின் கண்ணில் படுகிற இடம். மகளின் இரக்கம் நல்ல இரக்கம். அவளிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். வெளியே கொண்டுபோவதே தவறு என்று நான் சொல்லவில்லை. புது வாசனைகளை நாக்கை நீட்டி நீட்டி அறிவதும், கரடுமுரடான கிளையில் ஊர்வதும் அதற்கு நல்ல பயிற்சி.

ஆனால் அந்தப் படம்! பாம்பு வேலியோரச் செடியை நோக்கிப் போகிறது. எடுத்த தூரத்தைப் பார்த்தால் நீங்கள் பத்தடி தள்ளி நிற்கிறீர்கள், கையில் செல்பேசியோடு. இதற்குப் பெயர் வேடிக்கை பார்ப்பது. பாம்பு எப்போதும் உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், இரண்டு கைகளும் காலியாக இருக்க வேண்டும். செல்பேசி வீட்டுக்குள் கிடக்கட்டும்.

ஏன் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன் என்றால், தலை நுழைகிற ஓட்டையில் உடம்பும் நுழைந்துவிடும். வேலிப் பலகைக்கும் மண்ணுக்கும் நடுவே உள்ள சந்து, ஏசி வெளிப்பெட்டியின் அடிப்பக்கம், சிமென்ட் படியின் வெடிப்பு, செடியடியில் எலி வளை. விடுவதற்கு முன் இவற்றை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்து அடையுங்கள். தப்பித்தவறி நுழைந்துவிட்டால் பதறிப்போய் எல்லோரும் செய்வது வாலைப் பிடித்து இழுப்பது. அதைச் செய்யவே செய்யாதீர்கள். உள்ளே போன பாதியை அது வளைத்து மண்சுவரோடு அழுத்திக்கொள்ளும். வயிற்றுச் செதில்கள் பின்னோக்கிப் படிந்தவை. பின்னால் இழுக்க இழுக்க மண்ணில் மாட்டும். நீங்கள் இழுக்கும் பலம் முழுவதும் விலா எலும்பிலும் முதுகெலும்பிலும்தான் போய் விழும். வெளியே தெரியும் பகுதியை இரண்டு கையாலும் தாங்கி, மேற்கொண்டு உள்ளே போகவிடாமல் மட்டும் பிடித்திருங்கள். இன்னொருவர் ஓட்டையின் பக்கவாட்டு மண்ணைச் சிறு கரண்டியால் தளர்த்தட்டும். தசை தளரும் கணத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் வரும். கால் மணி நேரம் ஆனாலும் பிடியை இறுக்காதீர்கள். முழுதாக உள்ளே போய்விட்டால் வேறு வாய்கள் இருந்தால் அடைத்துவிட்டு, இருட்டிய பின்னும் அங்கேயே காத்திருங்கள். தண்ணீர் ஊற்றி விரட்டுவது மூழ்கடிப்பதில் முடியும். காணாமல் போன பாம்பு ‘எங்கேயாவது பிழைத்துக்கொள்ளும்’ என்று மகளைத் தேற்றாதீர்கள். ஹூஸ்டனின் உறைபனி இரவுகளை அந்த உடம்பு தாங்காது.

அடுத்தது தரை. ஊர்வனவற்றுக்குப் பூச்சிமருந்து விஷம். புல்லுக்கும் கொசுவுக்கும் அடிக்கிற பைரித்ராய்டு மருந்துகள் இதில் அடக்கம். மருந்து அடித்த புல்லில் விடவே வேண்டாம். உங்கள் ஊரில் தீயெறும்பு வேறு. புற்று கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் குச்சியால் தரையைக் கிளறி ஒரு நிமிடம் நின்று பாருங்கள். தரையின் சூட்டை அளக்கத் துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். காற்று 24 முதல் 30 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும் என்று நினைப்பார்கள். அதே நேரத்தில் வெயில் விழும் செயற்கைப் புல் 60 டிகிரியைத் தொட்டிருக்கும். தரை 35ஐத் தாண்டினால் திரும்பி வீட்டுக்குள் போங்கள். ஹூஸ்டன் கோடையில் இதற்குக் காலை நேரம் தவிர வாய்ப்பே இல்லை.

வெயில் கட்டாயமில்லை. முழு எலியை விழுங்குவதால் வைட்டமின் டி இரையிலேயே கிடைக்கிறது. இலைநிழலில் சிதறி விழும் வெளிச்சம் போதும். கண்ணாடித் தொட்டியோடு தூக்கி வெயிலில் வைப்பது மட்டும் கூடவே கூடாது. சில நிமிடங்களில் உள்ளே அடுப்பாகிவிடும். வெளியே கொண்டுபோக, முடிச்சுப் போட்ட பருத்தித் தலையணை உறை நல்லது.

வார் வேண்டாம். தோளில்லாத உடம்பு. தளர்த்தினால் உருவிக்கொண்டு போகும், இறுக்கினால் விலாவில் பதியும். தம்பியிடம் ஆசையை விட்டுவிடச் சொல்லுங்கள். நம்மூர் மலைப்பாம்பை வளர்ப்பதை 1972 வனவிலங்குச் சட்டம் தடுக்கிறது. வெளிநாட்டுப் பாம்புகள் பல, பாங்காக்கிலிருந்து பெட்டிகளில் கடத்தி வரப்பட்டு விமான நிலையத்தில் பிடிபடுபவை.

நேரம் கேட்டிருந்தீர்கள். முதல் சில தடவை பத்து நிமிடம், பழகிய பின் அதிகபட்சம் அரை மணி. இரை கொடுத்து மூன்று நாள் ஆகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கக்கிவிடும். சட்டை உரிப்பதற்கு முன் கண் பால்நீலமாகும் நாட்களில் தொடாதீர்கள், அப்போது பார்வை மங்கியிருக்கும். வெளியே இருக்கும்போது பந்தாகச் சுருண்டு தலையை நடுவில் புதைத்தால் அன்றைக்கு அவ்வளவுதான், உள்ளே எடுத்துப்போங்கள். வாயைத் திறந்து மூச்சுவிட்டால் சூடு மிஞ்சிவிட்டது. உடனே நிழலான, குளிர்ந்த அறைக்குக் கொண்டுபோங்கள்.

வீட்டுக்குள் வந்ததும் ஈரமான வெள்ளைத் துணியால் தலையிலிருந்து வால்வரை தடவுங்கள். தாடைக்கு அடியிலும், கண்ணைச் சுற்றியும், மேலுதட்டுக் குழிகளிலும் நின்று பாருங்கள். துணியில் மிளகுத்தூள்போலக் கறுப்புப் புள்ளிகள் நகர்ந்தால் அவை இரத்தம் குடிக்கும் மைட் பூச்சிகள். அன்றே கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும். துணியைப் பார்க்கும் வேலையை மகளிடமே கொடுங்கள், பத்து வயதுக் கண்ணுக்கு முதலில் தெரியும். பார்த்து முடித்ததும் இருவரும் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்; வயிற்றுப்போக்கு தரும் சால்மோனெல்லா கிருமி பாம்பின் தோலிலும் இருக்கும்.