நான்கடி ஆவாரையை வாங்காதீர்கள்

கேள்வி: விருதுநகர் பக்கம் புது வீடு கட்டியிருக்கிறோம். முன்புறம் ஒன்றரை சென்ட் காலி இடம். போர்வெல் தண்ணீர் வீட்டுச் செலவுக்கே இழுபறிதான், அதுவும் உப்பு. தோட்டம் போட்டுத் தருபவர் ஒருவர் 'வறட்சி தாங்கும் நாட்டுப் பூச்செடி பேக்கேஜ்' என்று 48,000 ரூபாய் சொல்கிறார். பட்டியலில் காகிதப்பூ, டெக்கோமா, உண்ணிச்செடி, வெட்சி, நான்கடி உயர ஆவாரை. ஒரு வருடம் கேரண்டி என்று வாயால் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: முன்பணம் கொடுக்காமல் கொஞ்சம் பொறுங்கள். 'வறட்சி தாங்கும்' என்பது ஒரு பேச்சு, 'நாட்டுச் செடி' என்பது வேறு பேச்சு. அந்தப் பட்டியலில் இரண்டுக்கும் பொருந்துவது ஆவாரை மட்டும்தான். அதையும் தப்பான அளவில் தருகிறார்.

காகிதப்பூ தென் அமெரிக்காவிலிருந்து வந்தது, டெக்கோமாவும் அமெரிக்கக் கண்டத்துச் செடி. இரண்டும் வெயிலைத் தாங்கும். பிடித்திருந்தால் வையுங்கள், ஆனால் நாட்டுச் செடி என்ற பெயருக்காகக் கூடுதல் காசு வேண்டாம். உண்ணிச்செடியைப் பட்டியலிலிருந்து அடித்தே விடுங்கள். அதுவும் அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்டதுதான். இன்று மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளை அடைத்துக்கொண்டு நிற்கிறது, வனத்துறை பணம் செலவழித்துப் பிடுங்குகிறது. ஆடு மாடு தின்றால் அவற்றுக்கு நஞ்சு. வெட்சி இதற்கு நேர் எதிர். அசல் நம்மூர்ச் செடி, ஆனால் தண்ணீர் கேட்கும். சுண்ணாம்பு மண்ணில் உப்புத் தண்ணீர் விட்டால் இலை மஞ்சளடித்து நிற்கும்.

இனி ஆவாரைக்கு வருவோம். பொங்கலுக்குக் காப்புக் கட்ட சாலையோரத்தில் நாம் பறித்து வரும் அதே செடிதான். அங்கே அதற்கு யார் தண்ணீர் ஊற்றினார்கள்? ஆணிவேர் ஆழத்துக்கு இறங்குவதுதான் அதன் பலம். பையில் நான்கடி வளரும் வரை வைத்திருந்தால் அந்த வேர் இறங்க இடமில்லாமல் அடியில் சுருண்டுவிடும். சில வருடம் முன்பு நானும் ஒரு நர்சரியில் உயரத்தைப் பார்த்து மயங்கி அப்படி மூன்று வாங்கினேன். சித்திரை தாண்டவில்லை. தோண்டிப் பார்த்தால் வேர் சும்மாடு மாதிரி சுருண்டிருந்தது. அதே வேலியோரத்தில் தானாக விழுந்து முளைத்த ஒன்று இன்றும் பூக்கிறது!

அதனால் முக்கால் அடி, ஒரு அடிக் கன்றாக வாங்குங்கள். பையைத் திருப்பி அடியைப் பாருங்கள். ஓட்டை வழியாகத் தடித்த வேர் வெளியே வந்து தரையைப் பிடித்திருந்தால் வேண்டாம். தண்டு கட்டைவிரல் தடிமனாகவும் பை உள்ளங்கை அகலமாகவும் இருந்தாலும் வேண்டாம். பூத்திருக்கிறதா என்று பார்க்கவே தேவையில்லை.

ஆவாரையோடு வேறு என்ன வைக்கலாம்? வேலியோரம் நொச்சி, ஆடாதோடை. பெயரிலேயே இருக்கிறது, ஆடு தொடாது. நொச்சிக்கு நீலப் பூ, ஆடாதோடைக்கு வெள்ளை. முன்வரிசைக்குச் செம்முள்ளி. பூ ஆரஞ்சு கலந்த மஞ்சள், முள் உண்டு, குழந்தைகள் ஓடும் பாதையில் மட்டும் வைக்காதீர்கள். மருதாணி ஒன்று இருக்கட்டும், பூ வாசனைக்காகவே. அரசுத் தோட்டக்கலைப் பண்ணை, வனத்துறை நாற்றங்கால் இரண்டிலும் முதலில் விசாரியுங்கள். தனியார் விலையை ஒப்பிட ஒரு கணக்கு கிடைக்கும்.

புரட்டாசிக் கடைசியில் நட்டால் வடகிழக்குப் பருவமழை பாதி வேலையைச் செய்துவிடும். ஆனால் வறட்சி தாங்கும் செடியும் முதல் வருடம் தாங்காது, வேர் இறங்கியிருக்காது. முதல் கோடையில் வாரம் ஒருமுறை நன்றாக நனைய விடுங்கள், தூரில் காய்ந்த இலையை மூடாக்காகப் போடுங்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் வேர் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஆவாரைக்கு அடியில் ஈரம் தேங்கினால் அழுகவும் செய்யும்.

கேரண்டியை எழுதி வாங்குங்கள். செடியின் பெயர், எண்ணிக்கை, உயரம், பட்டுப்போனால் எத்தனை நாளில் மாற்றுவார் எல்லாம் பில்லில் இருக்கட்டும். மூன்றில் ஒரு பங்குப் பணத்தை ஆனி வரை நிறுத்தி வைக்கக் கேட்டுப் பாருங்கள். முகத்தைப் பார்த்தாலே கேரண்டியின் கனம் தெரிந்துவிடும்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய ஆவாரை விதை ஒன்றுகூட முளைக்கவில்லை. விற்றவர் பணம் தர மறுக்கிறார்.

பதில்: முதலில் ஒன்று: அந்த விதையின் ஓடு கெட்டி. உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, ஒரு இரவு ஊறவைத்து மறுபடி போட்டுப் பாருங்கள். அப்புறமும் வரவில்லை என்றால் அந்த இணையதளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகார் வந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அடுத்தது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். விதை வாங்கிய விவசாயியும் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் 2012-லேயே சொல்லிவிட்டது. 150 ரூபாய் விதைக்கு அவ்வளவு தூரம் போவீர்களா என்பது உங்கள் விருப்பம், 1915-க்கு ஒரு போன் போடுவதில் நஷ்டமில்லை.

கேள்வி: நர்சரி பில்லில் பூச்செடிக்கும் ஜிஎஸ்டி போட்டிருக்கிறார்கள். சரியா?

பதில்: உயிருள்ள செடிக்கு ஜிஎஸ்டி கிடையாது. பிளாஸ்டிக் தொட்டிக்கும் ரசாயன உரத்துக்கும் உண்டு. தனித்தனியாகப் பிரித்துப் பில் கேளுங்கள்.